வாட்ஸ்அப் படங்களில் பிள்ளை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'தடம் மாறிய தாய்க்குப் பிள்ளை எதற்கு?' என்று, கள்ளத்தொடர்பு வைத்திருக்கும் மனைவிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் தர்மபுரியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் தட்டச்சு, ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். இதே கேள்வி என் கடையிலும் அடிக்கடி காதில் விழும். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள், சில சமயம் மாமியார்கள். கணவன்மேல் இதே புகார் வரும்போது 'தகப்பனுக்குப் பிள்ளை எதற்கு?' என்று ஒருவரும் கேட்டதில்லை. அது தனிக்கதை.

கள்ளத்தொடர்பைக் காட்டி விவாகரத்து கேட்கலாம். 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவு கணவன், மனைவி இருவருக்குமே அந்த உரிமையைக் கொடுக்கிறது. கள்ளத்தொடர்பைக் குற்றமாக வைத்திருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவை 2018-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததோடு இதுவும் போய்விட்டதாகச் சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை. ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, அவ்வளவுதான்.

ஆனால் பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவு செய்யும்போது நீதிபதி பார்ப்பது வேறு. பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது 1956-ம் ஆண்டு இந்து மைனர், பாதுகாவலர் சட்டம். ஐந்து வயது முடியாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கெட்ட மனைவி என்றாலே கெட்ட தாய் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சமீபத்தில் பெங்களூரில் வேலை பார்க்கும் ஒருவர் தன் தாயாரோடு வந்தார். மனைவியின் வாட்ஸ்அப் பேச்சுகளைக் கலரில் பிரிண்ட் போடச் சொன்னார். கணவன் மனைவி பேசியதை ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, பென்டிரைவோடு வருகிறவர்களும் உண்டு. சரி, அது அவர்கள் வழக்கு. வக்கீல் எழுதிக் கொடுத்திருந்த மனுவில் அவர் மனைவி யாரோடு, எங்கே, எத்தனை மணிக்குப் பேசினார் என்று பக்கம் பக்கமாக இருந்தது. பிள்ளையைப் பற்றி 'மைனர் குழந்தையின் எதிர்கால நலன் கருதி' என்று ஒரே வரி. பையன் எத்தனாவது படிக்கிறான் என்ற இடம் காலியாக இருந்ததால் கேட்டேன். அவர் திரும்பித் தன் தாயாரின் முகத்தைப் பார்த்தார்.

நம் பக்கத்தில் இதுதான் யாரும் பேசாத விஷயம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று எங்கே பார்த்தாலும் ஆண்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் பிழைக்கப் போகிறார்கள். அப்படிப்பட்ட தகப்பன் ஜெயித்தால் பிள்ளை பெரும்பாலும் ஊரில் தாத்தா பாட்டியிடம்தான் வளரும். நன்றாகவும் வளரலாம், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் எது, காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பதையல்லவா மனுவில் எழுத வேண்டும்? தாய் பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டுப் போனாள், அவளோடு பழகும் ஆள் பிள்ளையை அடித்தான் என்றால் அதைச் சொல்லுங்கள், நீதிபதி கட்டாயம் கேட்பார். அது பிள்ளையைப் பற்றிய பேச்சு.

இன்னொரு கொடுமை டி.என்.ஏ. பரிசோதனை. மனைவியின் தொடர்பை நிரூபிக்கப் பிள்ளையின் ரத்தத்தை எடுக்கச் சொல்கிறார்கள். அப்படிச் சர்வசாதாரணமாக உத்தரவிடக் கூடாது என்று 2023-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜீவனாம்ச விஷயத்திலும் குழப்பம் உண்டு. தகாத உறவில் வாழும் மனைவிக்கு அது கிடைக்காது என்று சட்டம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் அதைச் சாக்காக வைத்துப் பிள்ளையின் செலவுக்குக் கொடுக்க வேண்டியதை நிறுத்த முடியாது.

இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய வெள்ளைத் தாளை நம்பிப் பிள்ளையை விட்டுக்கொடுத்து விடுகிறார்கள். அந்தத் தாள் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். இந்த விவரத்தை அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். கடைச் சுவரில் ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி,
தர்மபுரி