கடனா, கையிருப்பா?

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலியால் பதில் போடவில்லை என்று எழுதலாம்தான். எழுதுவதற்கு முழங்கால் எதற்கடா என்று கேட்பாய். சோம்பல், அவ்வளவுதான். இங்கே நல்ல மழை. கெடிலத்தில் தண்ணீர் ஓடுவதைப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறது. முத்தியால்பேட்டையில் உங்கள் தெரு தப்பித்ததா?

நேற்று மழைக்காக லீவு விட்டார்கள். கரண்டும் இல்லை. போனில் சார்ஜ் தீர்ந்த பிறகு பேத்திக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்துவிட்டாள். பதினொன்றாம் வகுப்பு, அடிப்படை இயற்கணிதம். பின்னமும், எது பெரியது எது சிறியது என்று ஒப்பிடுகிற அசமன்பாடும் சேர்ந்து வருகிற பயிற்சிக் கணக்குகள். வகுப்புத் தேர்வில் ஒரு கணக்குக்கு ஐந்து மதிப்பெண்ணும் போய்விட்டதாம். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறது. ஏன் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

கணக்கு இதுதான்: 3/(எக்ஸ் − 2) > 1. அவள் குறுக்கே பெருக்கி, 3 > எக்ஸ் − 2, ஆகவே எக்ஸ் < 5 என்று முடித்திருந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு" என்றேன். நாற்பது வருஷம் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்கியவன் சொன்ன தீர்ப்பு!

அப்புறம்தான் உன் நினைவு வந்தது. பரீட்சை எழுதிவிட்டு நாங்களெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஓடுவோம். நீ மட்டும் கடைசி மணி அடிக்கும்வரை உட்கார்ந்து, வந்த விடையைத் திரும்பக் கணக்கிலேயே போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாய். சரி, நாமும் பார்ப்போம் என்று, "எக்ஸுக்குப் பூஜ்யத்தைப் போடு" என்றேன். ஐந்தைவிடச் சின்னதுதானே பூஜ்யம்? மூன்றை மைனஸ் இரண்டால் வகுத்தால் மைனஸ் ஒன்றரை. அது எப்படி ஒன்றைவிடப் பெரிதாகும்? பேத்தி என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

குறை எண்ணால், அதாவது மைனஸ் எண்ணால், பெருக்கினால் பெரியது சிறியது குறியைத் திருப்பிப் போட வேண்டும் என்று நமக்கும்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன் திருப்ப வேண்டும் என்று நாம் கேட்டதே இல்லை. இவள் கேட்டாள். எனக்குத் தெரிந்தது கடன்தான், அதை வைத்துச் சொன்னேன். உன்னிடம் ஐந்து ரூபாய், உன் தம்பியிடம் மூன்று ரூபாய் இருந்தால் யாருக்கு வசதி? அவளுக்கு. அதே தொகை இரண்டு பேருக்கும் கடனாக மாறிவிட்டால்? "அவனுக்குத்தான் வசதி" என்றாள். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப எக்ஸ் மைனஸ் ரெண்டு கடனா கையிருப்பான்னு தெரியாமலே பெருக்கிட்டேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு இப்படிச் சொல்லத் தோன்றியதில்லை.

பிறகு பெருக்காமலே செய்தோம். ஒன்றை இந்தப் பக்கம் கொண்டுவந்து ஒரே பின்னமாக்கினால் (5 − எக்ஸ்)/(எக்ஸ் − 2) > 0. எண்கோட்டில் 2, 5 இரண்டையும் குறித்தோம். கோடு மூன்று துண்டாகிறது. துண்டுக்கு ஒன்றாக 0, 3, 6 போட்டுப் பார்த்தால் 3 மட்டும்தான் தேறுகிறது. ஆக, எக்ஸ் 2-க்கும் 5-க்கும் நடுவில்தான் இருக்க முடியும். அவள் எழுதியது பாதி சரி. இரண்டு மதிப்பெண்ணாவது போட்டிருக்கலாம் என்பது என் கட்சி. பின்னத்தின் கீழே இருக்கும் பகுதியின் வர்க்கத்தால் பெருக்கினால் கடன் பயமே வேண்டாம், வர்க்கம் குறையாக வராதே என்பது அவளே பிறகு கண்டுபிடித்தது.

இன்னொன்று, எக்ஸ்/2 − (எக்ஸ் − 1)/3 ≤ 1. இதில் பகுதி வெறும் எண்கள், தைரியமாக ஆறால் பெருக்கலாம். அவளுக்கு எக்ஸ் ≤ 8 என்று வந்தது. எட்டைப் போட்டால் நாலிலிருந்து ஏழில் மூன்றில் ஒரு பங்கு போக ஒன்றுக்கு மேலேயே நிற்கிறது. பின்னக் கோட்டுக்குள் ஒரு அடைப்புக்குறி ஒளிந்திருப்பதை மறந்து, முன்னால் இருக்கும் கழித்தலை எக்ஸுக்கு மட்டும் கொடுத்துவிட்டாள். சரியான விடை எக்ஸ் ≤ 4.

பின்னங்களைச் சேர்க்கத் தேடும் மீ.சி.ம., அதாவது மீச்சிறு பொது மடங்கு என்றாலே இவளுக்கு அலுப்பு. அதனால் என் தாத்தாவின் வாய்பாட்டை எடுத்துவிட்டேன். மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் சேர்த்தால் 5/80, அதாவது 1/16. அதற்குப் பெயரே மாகாணி! பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு இருக்கிறது. 1/320-க்கு முந்திரி என்று பெயர் என்றதும், பண்ருட்டி முந்திரியா என்று சிரித்தாள். பெரியவர்கள் எல்லாவற்றையும் முந்திரியாக்கிவிட்டால் தீர்ந்தது: மா பதினாறு முந்திரி, காணி நாலு, மாகாணி இருபது. மீ.சி.ம.வைக் கையிலேயே வைத்துக்கொண்டு புழங்கியிருக்கிறார்கள்.

பெரியது சிறியது குறிகளை யார் கண்டுபிடித்தது என்றும் கேட்டாள். தாமஸ் ஹாரியட் என்ற ஆங்கிலேயர். அவர் 1621-ல் இறந்தார், அந்தக் குறிகள் அச்சான புத்தகம் வந்தது 1631-ல். "பாவம், பார்க்கவே இல்லையா" என்றாள்.

சாயங்காலம் கரண்ட் வந்தது, போனும் உயிர் பெற்றது, என் வகுப்பு கலைந்தது. ஆனால் ஒரு கணக்கில் எங்களுக்குள் தகராறு இன்னும் தீரவில்லை: (எக்ஸ் + 1)/(எக்ஸ் − 3) ≤ 2. கோட்டில் 3, 7 என்று இரண்டு புள்ளிகள் வருகின்றன. இரண்டையும் விடையில் சேர்க்க வேண்டும் என்று ஒருவர், ஒன்றை மட்டும்தான் சேர்க்கலாம் என்று ஒருவர். யார் எந்தக் கட்சி என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். நீ போட்டுப் பார்த்துவிட்டு எழுது. போன் செய்யாதே, அவள்தான் எடுப்பாள்.

இப்படிக்கு,
உன் பழைய பக்கத்து பெஞ்சுக்காரன்