மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன் பேட்டரி பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"லித்தியம்தான் வந்துவிட்டதே, இன்னுமா ஆசிட் பேட்டரி விற்கிறீர்கள்?" என்று பாம்பன், மண்டபம் பக்கத்துப் படகுக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆளுக்கு ஆள் பாதி பதில் சொல்வதைவிட எழுதியே கொடுத்துவிடலாம் என்று இந்த மடல்.

லித்தியம் நல்ல பொருள். எடை குறைவு, ஆயுள் அதிகம். வீட்டு இன்வெர்ட்டருக்குக் கேட்பவர்களுக்கு நாங்களே வரவழைத்துத் தருகிறோம். ஆனால் படகு இன்ஜினை ஸ்டார்ட் செய்வது வேறு வேலை. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அந்த இழுப்பைக் குறைந்த விலையில் தருவது ஈய பேட்டரி, அதாவது இந்த ஆசிட் பேட்டரிதான். 1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே உருவாக்கியது இது. ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான் இன்றைக்கும் அதன் அடிப்படை. பழைய படகுகளின் ஆல்டர்னேட்டரும் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) இதை நம்பி அமைந்ததே. லித்தியத்தை அப்படியே மாட்டினால் அது கரண்டை அதிகமாக இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடக்கூடும்.

இன்னொன்று, ஆசிட் பேட்டரி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், விளக்கு மங்கும். லித்தியத்தில் உள்ள பாதுகாப்பு சர்க்யூட் சட்டென்று மொத்தத்தையும் நிறுத்திவிடும். கடலுக்குள் ஜிபிஎஸ்ஸும் வாக்கி டாக்கியும் ஒரே நேரத்தில் அணைந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சரி, ஆசிட் பேட்டரியின் பெரிய எதிரி சும்மா கிடப்பது. தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில் நிற்கிறது. பேட்டரியைக் கழற்றாமல் விட்டால் சார்ஜ் தானாக இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எத்தனை மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. ஜூன் மாதம் கடைக்கு வருகிற பேட்டரிகளில் பல இப்படிச் செத்தவைதான். ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது, தடுத்திருக்கலாமே என்று.

ஆகவே கரையேற்றியதும் கழற்றி, முழு சார்ஜ் ஏற்றி, நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை மீட்டரில் பாருங்கள். சார்ஜ் ஏற்றி சில மணி நேரம் ஆறவிட்ட பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும், 12.4-க்குக் கீழே போனால் மறுபடி சார்ஜ் போடுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் காற்றோட்டமான இடம் வேண்டும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கெஞ்சியே கேட்கிறோம். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், கேன் தண்ணீரும் வேண்டாம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட்டும் சேர்க்காதீர்கள், ஆவியாவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது. டெர்மினலைத் துடைத்து, இறுக்கி, வாசலின் தடவிவிட்டால் உப்புக்காற்று அரிக்காது.

பழைய பேட்டரியைத் தூக்கி எறியாதீர்கள். எடையில் பாதிக்கு மேல் ஈயம், உருக்கினால் திரும்பவும் பேட்டரியாகும். எங்களிடம் கொடுத்தால் எடைக்குரிய விலையைப் புதிய பேட்டரியில் கழித்துக்கொள்கிறோம். ஆசிட்டை மணலிலோ கடலிலோ கொட்டிவிட்டு வெறும் பெட்டியைக் கொண்டுவர வேண்டாம், ஆசிட்டோடு அப்படியே கொண்டு வாருங்கள்.

வீட்டில் சார்ஜர் இல்லாதவர்கள் தடைக்காலம் முழுவதும் பேட்டரியைக் கடையிலேயே விட்டுவைக்கலாம். பெட்டியின் மேல் படகுப் பதிவு எண்ணை பெயிண்டில் எழுதிக் கொடுங்கள், பேப்பர் ஒட்டினால் ஆசிட் பட்டு அழிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
உங்கள் பேட்டரி கடையினர்