அப்பப்பாவின் கடதாசி

வண்ணார்பண்ணை,
தை 28.

அன்புள்ள மகள்,

பொங்கலுக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. அம்மாவோடு கதைக்கிறாய் என்று தெரியும். வேலை கூடத்தான், சரி. ஆனால் மூளைகளைப் பதப்படுத்துகிற அந்தப் போமலின் மருந்து இருக்கிற அறையில் முகமூடி இல்லாமல் நிற்காதே. அது புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவே வகைப்படுத்தி வைத்திருக்கிறது. கண் எரிந்தால் உடனே வெளியே வந்துவிடு.

நேற்றுத் திருநெல்வேலிச் சந்தையில் பனங்கிழங்கு வாங்கி வந்தேன், அம்மா அவித்தா. பிளந்து நடுத் தும்பை இழுக்கும்போது உன் நினைவுதான். அன்றைக்குப் போனில் உன் வேலையைப் பற்றி எவ்வளவு ஆசையோடு சொல்லிக்கொண்டு போனாய்! புது மூளை கையில் நிற்காது, வாளியின் அடியில் வைத்தால் சப்பளிந்து போகும், அதனால் அடிப்பக்கத்து இரத்த நாடியில் நூல் கட்டித் தலைகீழாகப் போமலினில் தொங்கவிட வேண்டும், இரண்டு மாதம். பிறகு மேல்சவ்வையும் இரத்தக் குழாய்களையும் உரித்து, கழுவி, ஒரு கிழமைக்கு மேல் உறையவைப்பது. உள்ளே ஐஸ் விரிந்து நார்களைப் பிரித்துவிடும், அப்புறம் மரச் சீவலால் மெல்லத் தள்ளினால் நார் நாராக வரும். நீ இருக்கிற சுவிஸ் பாசலிலேயே கிளிங்லர் என்பவர் 1935இல் எழுதிய முறை என்றாய். எந்த நார் அறுந்தால் பேச்சுப் போகும் என்பதை, மூளைக் கட்டியை வெட்டி எடுக்கப் போகிற டொக்டர்மார் இதில்தான் பழகுகிறார்களாம்.

சந்தியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் வாய் வருவதில்லை. நீயும் ஒருக்கால் எனக்கு எடுத்திருக்கலாம்.

இவை செத்த பிறகு உடம்பைப் படிப்புக்குத் தருகிறோம் என்று தாங்களாகவே எழுதிக் கொடுத்தவர்களின் மூளைகள், அவர்களை நினைத்துத்தான் வேலையைத் தொடங்குவோம் என்றாய். அந்த இடத்தில்தான் போனை அம்மாவிடம் கொடுத்தேன். அருவருப்பு என்று நினைத்திருப்பாய். அதில்லை பிள்ளை.

அப்பப்பாவும் எழுதிக் கொடுத்தவர். மானிப்பாயில் கிறீன் வைத்தியர் தமிழில் மருத்துவம் படிப்பித்த மண், என் உடம்பிலும் நாலு பிள்ளைகள் படிக்கட்டும் என்று, யாழ்ப்பாண மருத்துவ பீடத்துக்கு. அந்தக் கடதாசியை என் கையில்தான் தந்தார். செத்தவீட்டன்று நீ அலுமாரி முழுக்கத் தேடினாய். நான் காணவில்லை என்றேன். அது என் சட்டைப் பைக்குள் இருந்தது. கொள்ளி வைக்காத மகன் என்று ஊர் சொல்லுமே என்று பயந்து, பின்னேரமே கோம்பயன்மணல் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பன்னிரண்டு வருடமாகப் பஞ்சாங்கக் கட்டுக்குள் வைத்திருந்தேன். மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது. அவருடைய சாய்ந்த எழுத்து உனக்குத் தெரியும்தானே. இதோடு வைத்து அனுப்புகிறேன், உன்னிடம் இருக்கட்டும். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

ஒடியல் மா தனிப் பார்சலில் வருகிறது. முகமூடியை மறக்காதே. கையுறையில் ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துப் போடு.

அன்புடன்,
அப்பா