அந்த இரண்டு பிள்ளைகளையும் ஆட விடுங்கள்: கோடை டென்னிஸ் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். குன்னூரில் நீங்கள் ஒவ்வொரு மே மாதமும் நடத்தும் சிறுவர் டென்னிஸ் போட்டிக்கு மண்ணை நனைத்து, உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போடுகிறவன் எழுதுகிறேன். பத்து வயதில் பந்து பொறுக்க வந்தேன், அப்புறம் மார்க்கர் ஆனேன், அதாவது பயிற்சிக்கு வருகிறவர்களோடு ஆடிக் கொடுக்கிறவன். இப்போது முட்டி ஒத்துழைப்பதில்லை, அதனால் கோடு போடுவது மட்டும்தான்.

கோர்ட் கேட்டில் ஒட்டியிருக்கும் உங்கள் அறிவிப்பைப் படித்தேன். 14 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் போன வருஷம் அரையிறுதி ஆடிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தியை இந்த முறை 16 வயதுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறீர்கள். காரணம், ‘தேவையற்ற பகையைத் தவிர்க்க’. கூடவே, இனி எல்லா ஆட்டத்திலும் கோட்டு முடிவுகளைப் பெற்றோரில் ஒருவர் செல்போன் வீடியோ பார்த்துச் சொல்வார் என்றும் இருக்கிறது. இரண்டையும் திரும்பப் பெறச் சொல்லித்தான் இந்த மடல்.

அந்த அரையிறுதி நடந்தபோது நான் மூன்றாம் நம்பர் கோர்ட்டின் மூலையில் தண்ணீர்க் குழாயோடு நின்றிருந்தேன். மூன்று மணிக்கே பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்துப் பின்கோடு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கடைசி செட், நீல ஸ்வெட்டர் பிள்ளை 4-5 என்று பின்தங்கி சர்வ் போடுகிறாள், 30-40. இந்தப் பாயிண்ட் போனால் ஆட்டமே போச்சு. சிவப்பு ஸ்வெட்டர் பிள்ளை அடித்த பந்து நீண்டு வந்து பின்கோட்டுப் பக்கம் விழுந்தது. ‘அவுட்’ என்றாள் நீலம். சொல்லிவிட்டு நடந்து போய்த் தடத்தைக் குனிந்து பார்த்தாள். நானும் அங்கிருந்தே பார்த்தேன். நான் காலையில் போட்ட சுண்ணாம்பில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல். அவள் ஷூவால் தடத்தைத் தேய்த்து அழித்தாள். வலைக்குப் போய்க் கை நீட்டினாள். ஆட்டம் முடிந்தது, அவள் தோற்றாள்.

வேலிக்கு வெளியே அடுத்த நொடியே கூச்சல். சிவப்பின் அப்பா, ‘தடத்தை அழிக்கிறா பாருங்க, ஏமாத்துறா!’ என்று கத்துகிறார். நீலத்தின் அப்பா, ‘அவுட்னு சொன்னியேம்மா, அப்புறம் எதுக்கு விட்டுக்கொடுத்த?’ என்று கத்துகிறார். சொந்த மகள் ஜெயித்துவிட்டது தெரியாமல் சண்டைக்கு வந்தவரை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பிறகு சட்டைக் காலர் வரை போனதும், நீங்கள் ஓடி வந்து விலக்கியதும் உங்களுக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதது ஒன்று: அந்த நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் என் உருளையின் மேல் உட்கார்ந்து ஒரே வர்க்கி பாக்கெட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள்.

நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு டென்னிஸ் விதிகளில் தனிப் பகுதியே உண்டு. அவரவர் பக்கத்துக் கோட்டுக்கு அவரவர்தான் பொறுப்பு. சந்தேகம் என்றால் பந்து உள்ளே. மண் கோர்ட்டில் ‘அவுட்’ சொன்னவர் தடத்தைக் காட்ட வேண்டும். அவரே அதை அழித்தால், சொன்னதை விட்டுக்கொடுத்தார் என்று அர்த்தம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த இந்த விதி இரண்டு அப்பாக்களுக்கும் தெரியவில்லை. மன்னிக்கவும், உங்கள் குழுவிலும் அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவள் செய்ததைப் பெரிய ஆட்டக்காரர்களே செய்திருக்கிறார்கள். 2005-ல் ரோமில் ஆண்டி ராடிக்குக்கு மேட்ச் பாயிண்ட், அதை எடுத்தால் ஜெயம். ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வை அவுட் என்று அறிவித்துவிட்டார்கள். கை குலுக்கிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ராடிக் தடத்தைப் பார்த்துவிட்டு, பந்து உள்ளே என்று அவரே சொன்னார். கடைசியில் அந்த ஆட்டத்தில் தோற்றும் போனார். 1982 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் 17 வயது மாட்ஸ் விலாண்டர், ஹோசே லூயிஸ் கிளெர்க்கின் பந்தை நடுவர் அவுட் என்று சொல்லித் தனக்கு வெற்றியைக் கொடுத்தபோது, இப்படி ஜெயிக்க வேண்டாம் என்று அந்தப் பாயிண்டை மறுபடி ஆடக் கேட்டார். அவருக்கு நல்லதே நடந்தது, கோப்பையும் வந்தது. நம் போட்டி முடிந்த கொஞ்ச நாளில், 2025 ஜூன் முதல் தேதி, பாரிஸில் கார்லோஸ் அல்கராஸ் பாய்ந்து அடித்த ஒரு பந்து பென் ஷெல்டனைத் தாண்டிப் போனது. பந்து படும்போது ராக்கெட் தன் கையில் இல்லை என்று அவரே நடுவரிடம் சொல்லிப் பாயிண்டை இழந்தார். டிவியில் அதைப் பார்த்தபோது எனக்கு நீல ஸ்வெட்டர்தான் ஞாபகம் வந்தது.

சரி, பகைக்கு வருகிறேன். இரண்டு பேரைப் பிரித்து வைத்தால் பகை வராது என்று நினைக்கிறீர்கள். பெண்கள் டென்னிஸில் கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரத்திலோவாவும் 1973 முதல் 1988 வரை 80 முறை மோதினார்கள். அதில் 60 இறுதி ஆட்டங்கள். நவ்ரத்திலோவா 43, எவர்ட் 37. யோசித்துப் பாருங்கள், பதினைந்து வருஷம், முக்கால்வாசி நேரம் கோப்பைக்கும் ஒருத்திக்கும் நடுவே மற்றவள். ஆனால் தொடக்கத்தில் இருவரும் ஜோடி! 1975-ல் பிரெஞ்சு ஓபன், 1976-ல் விம்பிள்டன் இரட்டையர் பட்டங்களைச் சேர்ந்தே வாங்கினார்கள். நவ்ரத்திலோவா எவர்ட்டின் ஆட்டத்தை நன்றாகப் படித்துக்கொண்டு ஜெயிக்கத் தொடங்கியதும் எவர்ட் ஜோடியைப் பிரித்துக்கொண்டார். அது அவரவர் கணக்கு, தப்பில்லை. கசப்பு பின்னால் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் நவ்ரத்திலோவாவுக்குப் பயிற்சி கொடுக்க வந்த கூடைப்பந்து ஆட்டக்காரர் நான்சி லீபர்மன், எவர்ட்டை வெறுக்கக் கற்றுக்கொள் என்றார். பேச்சு குறைந்தது.

இதில் எனக்குச் சங்கடமான உண்மையும் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில்தான் நவ்ரத்திலோவா எவர்ட்டை வரிசையாக 13 முறை ஜெயித்தார். வெறுப்பு வேலை செய்தது என்று யாராவது சொன்னால் என்னால் உடனே மறுக்க முடியாது. உடற்பயிற்சியும் சாப்பாட்டு ஒழுங்கும் அதே சமயத்தில்தான் வந்தன என்று மட்டும் சொல்வேன். அப்புறம் 1985 பிரெஞ்சு ஓபன் இறுதியில் எவர்ட் 6-3, 6-7, 7-5 என்று ஜெயித்தார், இருவரும் வலையருகே கட்டிக்கொண்டார்கள். 2022-லும் 2023-லும் அடுத்தடுத்து இருவரும் தங்களுக்குப் புற்றுநோய் என்று அறிவித்தபோது ஒருவருக்கொருவர் துணையாக நின்றார்கள். வெறுக்கச் சொன்னவர் கோர்ட்டுக்கு வெளியே இருந்தவர் என்பதைக் கவனியுங்கள். வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் இல்லை.

மோதாமல் இருந்தாலே ஒற்றுமை என்றால், லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் இன்று வரை அண்ணன் தம்பி மாதிரி இருந்திருக்க வேண்டும். வலைக்கு ஒரே பக்கம் நின்று 1999-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிக்கும் போய் இரண்டை வென்ற ஜோடி அது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு ஆள் தேர்ந்தெடுத்தபோது நாடே பார்க்க எப்படி முறைத்துக்கொண்டார்கள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

செல்போன் விஷயம். விம்பிள்டனில் 2025 முதல் கோட்டு நடுவர்களே கிடையாது, எல்லாம் இயந்திரம்தான். அங்கேயே நான்காம் சுற்றில் பவ்லியுசென்கோவாவும் சோனே கார்ட்டலும் ஆடிய ஆட்டத்தில் யாரோ தவறுதலாக இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். வெளியே விழுந்த பந்துக்கு அது வாயே திறக்கவில்லை. அந்தப் பாயிண்டை மறுபடி ஆடவைத்தார்கள். அவ்வளவு செலவு செய்தவர்களுக்கே அந்தக் கதி. மஞ்சில் வேலிக்கு வெளியே நின்று, அதுவும் மகள் ஆடும்போது, ஒரு அப்பா செல்போனில் எடுத்த வீடியோவை வைத்து நீங்கள் என்ன தீர்ப்பு சொல்வீர்கள்? அதைவிட, குனிந்து தடத்தைப் பார்க்கும் பழக்கம் போய்விடும். பிள்ளைகள் வேலியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

தகராறைக் குறைக்க உண்மையிலேயே ஆசை இருந்தால் முதலில் பந்தை மாற்றுங்கள். நம் ஊர் 6,000 அடி. 1,219 மீட்டருக்கு, அதாவது 4,000 அடிக்கு மேலே ஆடுவதற்கென்றே விதியில் தனி வகைப் பந்து இருக்கிறது. இங்கே காற்று மெலிசு, வெளி அழுத்தம் குறைவு. சமவெளிக்குச் செய்த பந்து இங்கே எகிறும், நீளும். கீழே கோயம்புத்தூரில் உள்ளே விழுகிற அடி இங்கே கோட்டுக்கு ஒரு விரல் அப்பால் விழும். பாதிச் சண்டை அந்த ஒரு விரலில்தான். ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன், விலை அதிகம் என்கிறீர்கள். மைக் செட்டுக்கு ஆகிற செலவைவிட அதிகமா?

அடுத்து, பெற்றோருக்கான நாற்காலிகளை வேலியை ஒட்டிப் போடாமல் மேலே சில்வர் ஓக் மரத்தடியில் போடுங்கள். அங்கிருந்து ஆட்டம் தெரியும், கோடு தெரியாது. இன்னொன்று, உங்கள் விருப்பம்தான்: ஆண்கள் தொழில்முறை டென்னிஸில் ஸ்டெஃபான் எட்பெர்க் பெயரில் நல்ல ஆட்டப் பண்புக்கு ஒரு விருது உண்டு. சக ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. ஃபெடரர் அதை 13 முறை வாங்கியிருக்கிறார். இங்கேயும் பிள்ளைகளே ஓட்டுப் போடட்டும். கோப்பையெல்லாம் வேண்டாம், ஒரு டப்பா பந்து கொடுத்தால் போதும்.

இரண்டு பிள்ளைகளும் சனிக்கிழமை காலையில் இன்னும் சேர்ந்துதான் ஆட வருகிறார்கள். போன வாரம் நீலம் ஜெயித்தாள். போகும்போது சிவப்பு என்னிடம், ‘தாத்தா, இந்த வருஷம் எங்க மேட்ச் எந்த கோர்ட்ல?’ என்று கேட்டாள். அறிவிப்பை அவள் இன்னும் படிக்கவில்லை போல. ‘கேட்டுச் சொல்றேம்மா’ என்றேன்.

சொல்லி அனுப்புங்கள். மூன்றாம் நம்பர் கோர்ட் என்றால் பின்கோட்டை இரண்டு முறை பூச வேண்டியிருக்கும். இருக்கிற சுண்ணாம்பு பத்தாது, இன்னும் ஒரு மூட்டை வேண்டும்.

இப்படிக்கு,
கோர்ட்டுக்குக் கோடு போடுகிறவன்,
குன்னூர்