அடைக்குப் படுத்த கோழியை எழுப்பாதே: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்விக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் சிறுவிடை, அதாவது சிறு உடல்வாகு நாட்டுக்கோழிப் பெட்டை கூட்டை விட்டு எழ மறுக்கிறது என்றும், கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது என்றும், அதைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை கலைந்து மறுபடியும் முட்டையிடும் எனப் பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். முட்டைகளைச் சேர்த்து வைத்து இன்குபேட்டர் இயந்திரத்தில் பொரித்துக்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்காரர் யோசிப்பதையும் சொல்லியிருந்தாய். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோழியை எழுப்பாதே, இயந்திரமும் வாங்காதே. முட்டை பொரிவது 21 நாள் வேலை. அதற்குப் பிறகு குஞ்சைக் கோழியாக்குவது இரண்டு மாத வேலை. இயந்திரம் முதல் வேலையை மட்டும்தான் செய்யும், தாய்க்கோழி இரண்டையும் செய்யும்.

அடைக்குப் படுப்பதால் நமக்கு இழப்பில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பத்து, பதினைந்து முட்டை இட்டு முடித்ததும் நாட்டுக்கோழியின் உடம்பில் புரோலாக்டின் என்னும் சுரப்பு கூடி, முட்டையிடுவது நின்று, நெஞ்சுப் பகுதி இறகுகள் உதிர்ந்து, வெறும் தோல் முட்டைமேல் நேராகப் படும்படி உடம்பே மாறிக்கொள்கிறது. அன்று முதல் குஞ்சுகளைப் பிரித்துவிடும்வரை ஏறக்குறைய மூன்று மாதம் அந்தக் கோழியிடமிருந்து ஒரு முட்டைகூடக் கிடைக்காது. நாமக்கல் பண்ணைகளில் வளரும் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை வரை இடுவதற்கு, அதன் இனத்திலிருந்து இந்த அடைகாக்கும் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நீக்கியதும் ஒரு முக்கியக் காரணம். நம் கோழி நன்றாக இட்டாலே ஆண்டுக்கு அறுபது, எழுபது முட்டைதான் இடும். ஆனால் முட்டை விற்றுப் பிழைப்பதற்காக நீ கோழி வளர்க்கவில்லை. வீட்டைச் சுற்றி மேய்ந்து, தன் தீனியைப் பெரும்பாலும் தானே தேடிக்கொண்டு, தானே பெருகும் ஒரு கூட்டம் வேண்டும் என்பதுதான் உன் ஆசை. அப்படிப் பார்த்தால் உன் கூட்டிலிருக்கும் கோழிகளிலேயே மதிப்பு மிகுந்தது இப்போது உன்னைக் கொத்த வரும் அந்தக் கோழிதான்.

இனி முட்டைக்கு வருவோம். சேவலோடு மேய்ந்த பெட்டையின் முட்டையாக இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பண்ணை முட்டையில் கரு இராது. மிகச் சிறியதும், இரட்டைக் கரு என்று சந்தேகப்படும்படி மிகப் பெரியதும், ஓட்டில் மயிரிழை விரிசல் விழுந்ததும் வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையை நான் அடைக்கு வைப்பதில்லை. நம் ஊர் வெயிலில் வெப்பமான அறையில் கிடக்கும் முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி அங்கேயே செத்துவிடும் என்பதால், ஈர மணல்மேல் வைத்த மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி, காற்றோட்டமான நிழலில் வை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததை நம்பாதே. அழுக்குப் பட்ட முட்டையைக் கழுவவும் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள காப்புப் படலம் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சிறுவிடையின் உடம்புக்கு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வை. ஆசைப்பட்டுப் பதினைந்து வைத்தால், ஓரத்து முட்டை குளிர்ந்து, கோழி அதை நடுவுக்கு உருட்ட, வேறொன்று ஓரத்துக்கு வந்து, கடைசியில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்.

அடைக்கு வைக்க மூங்கில் கூடையோ உடைந்த பானையின் அடிப்பாகமோ போதும். அடியில் நான்கு விரற்கடை மணல், அதன்மேல் தவிடோ நறுக்கிய வைக்கோலோ பரப்பி, நடுவில் கையால் சற்றே குழித்துவிடு. ஆழமாகக் குழித்தால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கூடவே ஒரு கைப்பிடி வேப்பிலையும் போடு. அம்மா ஒரு துண்டு இரும்பும் அடுப்புக்கரியும் வரமிளகாயும் வைப்பார்கள், இடி விழுந்தால் முட்டை கெடாமலிருக்க என்பார்கள். அதனால் கேடொன்றுமில்லை, உனக்கு மனம் இருந்தால் வைத்துக்கொள். நான் கவலைப்படுவது கோழியின் உடம்பில் மொய்க்கும் சிறு பூச்சியான கோழிச்செல்லைப் பற்றித்தான். கோழியை வைப்பதற்கு முன் இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கிப் பார். செல் மொய்க்கும் கோழி அரிப்புத் தாங்காமல் பாதியில் எழுந்துவிடும். எழாவிட்டால் இரத்தம் குறைந்து இளைத்துப் போகும். அடுப்புச் சாம்பலும் மணலும் கலந்து ஒரு குழியில் கொட்டிவைத்தால் அதுவே புரண்டு குளித்துக்கொள்ளும். பயிருக்கு அடிக்கும் மருந்தை இதற்கென்று தொடாதே.

இருட்டிய பிறகு கோழியைத் தூக்கி, புதிய கூடையில், புதிய முட்டைகளின்மேல் வை. பகலில் வைத்தால் பழைய இடத்தைத் தேடி ஓடிவிடும். எல்லா முட்டைகளையும் ஒரே நேரத்தில் வைப்பது மிக முக்கியம். மற்ற பெட்டைகள் இதே கூடைக்குள் புகுந்து புதிதாக முட்டையிடுவதுண்டு என்பதால், நீ வைத்த ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவை. கோடில்லாததை அன்றன்றைக்கு எடுத்துவிடலாம்.

அதன்பிறகு உனக்கு வேலை அதிகமில்லை, கோழிக்குத்தான். நாளுக்கு ஒருமுறை, கால் மணி நேரம், அதிகம் போனால் அரை மணி நேரம் இறங்கிவந்து, தண்ணீர் குடித்து, கம்போ சோளமோ அள்ளித் தின்று, துர்நாற்றம் வீசும் பெரிய எச்சம் ஒன்றை இட்டுவிட்டு ஓட்டமாகத் திரும்பும். அந்த எச்சத்தைப் பார்த்து நோய் என்று பயப்படாதே. கூடையை அசுத்தப்படுத்தாமல் நாள் முழுவதும் அடக்கி வைத்ததுதான் அது. சில கோழிகள் தீனியைக்கூட மறந்து படுத்திருக்கும், அவற்றைத் தினமும் நீயே தூக்கி இறக்கிவிட வேண்டும். தூக்கும்போது இறக்கைக்கும் உடம்புக்கும் இடையே முட்டை சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள். இயந்திரத்தில் 37.5 பாகை வெப்பம், ஈரப்பதம், நாளுக்குப் பல முறை திருப்புதல் என்று கணக்கு வைத்துச் செய்கிறவற்றையெல்லாம், நள்ளிரவில் மின்சாரம் போனாலும் நிற்காமல், உன் கோழி தன் அலகாலும் வெறும் நெஞ்சாலும் செய்துகொண்டிருக்கும்.

ஏழாம் நாள் இரவு, டார்ச் விளக்கின் வாயில் முட்டையின் மழுங்கிய முனையை வைத்துப் பார். கரு பிடித்த முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்களைப் போலப் படரும் சிவந்த நரம்புகளும் தெரியும். கரு இல்லாதது ஒரே வெளிச்சமாக இருக்கும். அதை எடுத்துவிடு. விட்டுவைத்தால் கூமுட்டையாகி, என்றாவது வெடித்து, நல்ல முட்டைகளின்மேலெல்லாம் வழிந்து அவற்றையும் கெடுத்துவிடும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதே. இருபதாம் நாள் கூடையருகே காதை வைத்துக் கேள். ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சிடும், அதற்குக் கோழி அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுக்கும். உள்ளிருக்கும் காற்றறையைக் கிழித்து முதல் மூச்சை இழுத்துவிட்டு, அலகு நுனியிலுள்ள சிறு கூர்ப்பல்லால் ஓட்டில் ஒரு நட்சத்திர விரிசல் போட்டபின், குஞ்சு பல மணி நேரம் ஓய்ந்து கிடக்கும். பெரும்பாலானோர் பொறுமை இழந்து ஓட்டை உரித்துவிடுவது இந்த நேரத்தில்தான். உரிக்காதே. அந்த நேரத்தில்தான் உட்சவ்வின் நாளங்களிலுள்ள இரத்தம் குஞ்சின் உடம்புக்குள் திரும்புகிறது, மஞ்சள் கருவின் மிச்சம் வயிற்றுக்குள் இழுபடுகிறது. அது முடியுமுன் பிரித்தால் இரத்தம் கசிந்தே குஞ்சு செத்துப்போகும். நீ காவல் காக்க வேண்டியது எறும்பிடமிருந்துதான். விரிசல் விட்ட முட்டையின் ஈரத்துக்குச் சிற்றெறும்பு வரிசை கட்டி வந்துவிட்டால், வெளியே வர வழியில்லாத குஞ்சை உள்ளேயே தின்றுவிடும். அதனால் கடைசி மூன்று நாளும் கூடையை ஒரு முக்காலியில் ஏற்றி, கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்து.

முதல் குஞ்சு வந்ததும் தீனி கொடுக்க ஓடாதே. உள்ளிழுத்த மஞ்சள் கருவே இரண்டு நாள் தாங்கும். கடைசி முட்டைவரை பொறுத்துப் படுத்திருக்கக் கோழிக்கு அந்த அவகாசம் வேண்டும். பிறகு அதுவாகவே எழுந்து குஞ்சுகளை அழைத்துக்கொண்டு இறங்கும். அன்று பொடித்த குருணையும், குஞ்சு முங்காதபடி கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீரும் வை. தாய் ஒரு மணியைக் கொத்தி, கீழே போட்டு, மறுபடி கொத்தி, ‘கொக் கொக்’ என்று விடாமல் அழைப்பதைக் கிட்டே உட்கார்ந்து பார். குஞ்சுகள் அதன் அலகைப் பார்த்துத்தான் எது தீனி, எது மண் என்று கற்றுக்கொள்கின்றன. வானில் பருந்தின் நிழல் தெரிந்தால் அது எழுப்பும் நீண்ட குரல் வேறு, தரையில் பூனையோ கீரியோ வந்தால் எழுப்பும் கலவரக் குரல் வேறு. முதலாவதைக் கேட்டதும் குஞ்சுகள் செடிக்கடியில் பதுங்கி அசையாமல் கிடக்கும். பல்புச் சூட்டில் வளர்ந்த குஞ்சுக்கு இதைச் சொல்லித்தர யாருமில்லை. பண்ணையில் நான்கு சுவருக்குள் வளர்வதற்கு அது தேவையும் இல்லை, உன் வீட்டுப் பின்புறத்தில் தேவை.

‘தாய்க்கோழி மிதித்துக் குஞ்சு சாகாது’ என்பது மெய்தான், ஆனாலும் முதல் வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, காலையும் மாலையும் மட்டும் திறந்துவிடு. மழை ஈரத்தில் விடாதே. ஈரத் தரைதான் இரத்தக் கழிச்சல் நோய்க்கு வீடு. தையும் மாசியும் குஞ்சு இறக்க நல்ல மாதங்கள் என்று நான் நினைப்பது இதனால்தான்: மழை ஓய்ந்திருக்கும், புல்லும் பூச்சியும் மிச்சமிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

இவ்வளவையும் வீணாக்கக்கூடியது ஒன்று உண்டென்றால் அது வெள்ளைக் கழிச்சல் என்னும் நோய். நேற்றுவரை ஓடியாடிய கூட்டம் இரண்டே நாளில் கழுத்து முறுகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, முக்கால்வாசி செத்துவிடும். வந்த பிறகு மருந்தில்லை. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அவை தடுப்பூசிக்கு ஈடாகா. பொரித்த ஏழாம் நாள் ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ லசோட்டா என்னும் தடுப்பு மருந்து ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடியும், எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. மருந்தைக் கால்நடை மருந்தகத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டுவந்து, கலக்கியபின் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் பிப்ரவரியில் கால்நடைத்துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்தும். அதில் பெரிய கோழிகளுக்கெல்லாம் போட்டுவிடு. தாய்க்குப் போட்ட ஊசியின் பலன் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் முதல் இரண்டு மூன்று வாரம் துணை நிற்கும்.

இரண்டு மாதம் ஆகும்போது தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். அதைக் கொடுமை என்று நினைத்துத் தடுக்காதே, அது மறுபடி முட்டைக்கு வரப்போகிறது. அடுத்த முறை இரண்டு கோழிகள் ஒரே வாரத்தில் அடைக்குப் படுத்தால், இரண்டையும் ஒரே நாளில் வைத்து, பொரித்த இரவே எல்லாக் குஞ்சுகளையும் ஒன்றின் அடியில் சேர்த்துவிடு. மற்றது சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும். விற்கும்போது எடை பார்த்து நல்ல விடைகளையெல்லாம் கொடுத்துவிடாமல், எந்தத் தாய் அதிகக் குஞ்சுகளை முழுதாக வளர்த்துக் காட்டியதோ அதன் பெட்டைகளில் இரண்டையாவது வைத்துக்கொள், அடைக்குணம் இரத்தத்தில் வருவது. ஆனால் அதன் சேவலை அதே கூட்டத்தில் விடாதே. உடன்பிறந்தவை இணைந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் கூமுட்டை பெருகும், குஞ்சு நோஞ்சானாகும். என்னிடம் ஒரு கருங்கால் சேவல் இப்போதுதான் கூவப் பழகியிருக்கிறது, அதை உனக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அம்மன் திருவிழாவுக்கு வரும்போது உன் குஞ்சுகளில் தேறிய ஒரு சேவலைக் கூடையில் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டு, இதை எடுத்துப் போ.

அன்புடன்,
அக்கா