நூறு கன்று தருகிறேன், பொந்துக்கு எங்கே போவேன்?

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வால்பாறையில் நானும் அம்மாவும் நலம். அங்கே நீயும் மருமகளும் பேத்தியும் நலமா? போனில் பேசினால் எனக்குப் பாதியிலேயே கோபம் வந்துவிடுகிறது. நீயும் "சரிப்பா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் யாரும் குறுக்கே பேச முடியாது.

நீ சொன்ன 40 சென்ட் இடத்தை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். காப்பித் தோட்டத்தின் ஓரம், சோலையை ஒட்டிய மேடு. விற்பவர் விரித்துக் காட்டிய வரைபடத்தில் மரம் என்று ஒன்றுகூட இல்லை. இடத்தில் 11 மரங்கள் நிற்கின்றன. பத்து சில்வர் ஓக். பதினொன்றாவது வெடிப்பலா, நாட்டு மரம். இரண்டு ஆட்கள் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். நீயும் உன் நண்பர்களும் காட்டேஜ் கட்ட நினைக்கும் மேட்டுக்கு நட்டநடுவில் அதுதான் நிற்கிறது.

அந்த மரத்தின் பொந்தில் இருவாச்சிப் பறவையின் கூடு இருக்கிறது.

"ஒரு மரம்தானே அப்பா, அதற்குப் பதிலாக உங்கள் நர்சரியிலேயே நூறு கன்று வாங்கி நட்டுவிடுகிறேன்" என்றாய். பத்து நாளாக இதே பேச்சு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. நூறு கன்று கேட்டால் தருகிறேன். பொந்து கேட்டால் எங்கே போவேன்?

இருவாச்சிக்கு அவ்வளவு பெரிய அலகு இருந்தும் மரத்தைக் குடைந்து பொந்து போடத் தெரியாது. மரங்கொத்திக்குத் தெரியும், இதற்குத் தெரியாது. கிளை ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, உள்ளே உளுத்து, தானாகக் குழிந்த பொந்து வேண்டும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள பறவை உள்ளே புகுந்து, அதன் பிறகு குஞ்சும் வளர இடம் வேண்டும் என்றால் மரம் எவ்வளவு பருமனாக இருக்க வேண்டும், எத்தனை வயதாகி இருக்க வேண்டும் என்று நீயே கணக்குப் போடு. நீ இன்ஜினியர். அப்படி ஒரு பொந்து கிடைத்தால் ஆண்டுதோறும் அதே பொந்துக்கே திரும்பி வரும்.

அன்று காலை ஏழு மணியிலிருந்து காப்பிச் செடிக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். முழங்கால் வலியை ஏன் கேட்கிறாய்! எட்டேகாலுக்குத் தூரத்தில் ரயில் வருவது போல இறக்கைச் சத்தம் கேட்டது. ஆண் பறவை வந்து பொந்தின் வாயில் தொற்றிக்கொண்டது. ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். தொண்டையை ஒரு குலுக்குக் குலுக்கி, அலகின் நுனிக்கு ஒரு காட்டத்திப் பழத்தைக் கொண்டுவந்தது. பொந்தின் வாய் முழுக்க அடைத்திருக்கிறது. விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். அந்தக் கீறலில் உள்ளேயிருந்து பெண்ணின் அலகு நுனி எட்டிப் பார்த்தது. பழம் கைமாறியது. மறுபடி ஒரு குலுக்கல், மறுபடி ஒரு பழம். நான் 23 வரை எண்ணினேன். பிறகு கண்ணாடியில் பனி படிந்துவிட்டது.

பெண் தன் எச்சத்தையே சாந்தாகக் குழைத்து வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறாள். இறக்கைச் சிறகுகள் உதிர்ந்து கிடப்பாள், பறக்க முடியாது. மூன்று மாதத்துக்குமேல் அவளுக்கும் குஞ்சுக்கும் இவன் கொண்டுவருவதுதான் சாப்பாடு. இது பிப்ரவரி. விற்பவரோ மார்ச்சுக்குள் இடத்தைச் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறார். சுத்தம் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும்.

மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள், குழுவின் அனுமதி இல்லாமல் கோடாலி வைக்கக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி" என்று சிரித்தார். அவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் என் பயமே.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். 1980களில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, பழைய காப்பிக்காட்டில் நிழலுக்கு நின்ற நாட்டு மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைக்கச் சொன்னார்கள். நேராக வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், வெட்டி விற்கவும் சுலபம். எந்த மரம் போக வேண்டும் என்று சுண்ணாம்பு வாளியோடு போய்க் கோடு போட்டவன் நான்தான். அத்தி, காட்டு ஜாதிக்காய், குங்கிலியம், வெடிப்பலா எல்லாவற்றிலும் போட்டேன். ஒரு மரம் சாய்ந்தபோது அடைத்திருந்த பொந்து பிளந்தது. உள்ளே என்ன இருந்தது என்று எழுத இன்றைக்கும் கை வரவில்லை. அன்று சாயங்காலம் ஒரு ஆண் இருவாச்சி வாயில் பழத்தோடு அந்த வெட்டவெளிக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறந்தது. மறுநாளும் வந்தது.

மேலே இருந்து உத்தரவு, நான் சம்பளக்காரன் என்று பல வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. 1890களில் காப்பிக்காகக் காட்டை வெட்டத் தொடங்கியதிலிருந்து இந்த மலை இப்படித்தான் போயிருக்கிறது. 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம் தேயிலையும் காப்பியுமாகிவிட்டது. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், நடுவில் தேயிலைக் கடலில் தீவு தீவாகச் சோலைகள். இருந்தாலும் சுண்ணாம்பு மட்டை என் கையில்தான் இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு நாட்டு மரக் கன்று நர்சரிக்கு நான் போவதை "சும்மா இருக்க முடியாமல் போகிறார்" என்று அம்மா எல்லோரிடமும் சொல்கிறாள். சொல்லட்டும். காலையில் சாக்குப் பையோடு ரோட்டோரமாக நடந்து விதை பொறுக்குகிறோம். தாரில் விழுந்த விதை எப்படியும் முளைக்காது, அதனால் எடுப்பதில் பாவம் இல்லை. வெடிப்பலாக் காயை எடுக்கும்போது முள் கையைக் கிழிக்கும். நெல் விதை மாதிரி இதைக் காயவைத்து எடுத்துவைக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும், சீக்கிரம் பையில் ஊன்றிவிட வேண்டும். ஜூனில் தென்மேற்கு மழை இறங்கியதும், களையாக மண்டிய உண்ணிச்செடியை வெட்டி எடுத்த இடத்தில் வகைவகையாகக் கலந்து நடுகிறோம். யானை மிதித்தது போக, மான் கடித்தது போக மிச்சம் வருகிறது.

நான் முதலில் நட்ட கன்றுகள் இப்போது என்னைவிட உயரம். அடியில் நிழல் விழுகிறது, மண் ஈரமாக இருக்கிறது. ஆனால் ஒன்றிலும் பொந்து இல்லை. உன் பேத்தி காலத்திலும் இருக்காது. நூறு கன்றும் ஒரு கிழமரமும் சமம் என்று நீ சொன்னபோது எனக்கு ஏன் சுருக்கென்றது என்று இப்போது புரிந்திருக்கும். எங்கள் வேலையெல்லாம் நிற்கிற மரத்துக்குத் துணைக்கு ஆள் சேர்ப்பதுதான். அதற்கு மாற்று வைப்பது இல்லை.

அந்தப் பக்கம் கேரளத்து வாழச்சால் காட்டில், முன்பு குஞ்சைப் பிடிக்க இருவாச்சி மரம் ஏறிய காடர் பழங்குடியினர் இன்று அதே கூடுகளுக்குச் சம்பளக் காவலர்கள். அவர்களால் மாற முடிந்திருக்கிறது.

இன்னொன்று, காட்டேஜ் வந்தால் வண்டி வரும். இங்கே பக்கத்தில் புதுத்தோட்டம் எஸ்டேட்டில் சிங்கவால் குரங்குகள் ரோட்டில் அடிபட்டுச் சாவதைப் பார்த்துத்தான், ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பழைய தீயணைப்புக் குழாயால் பாலம் கட்டியிருக்கிறார்கள். வண்டியை மெதுவாகப் போகச் சொல்ல ஆளும் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத குரங்கு. 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்கள் அதற்கு சிப்ஸ் நீட்டுகிறார்கள். மரத்தைவிட்டே இறங்காத ஜாதி, இன்று சமையலறை ஜன்னலில் கை விடுகிறது. போன வாரம் அம்மாவின் தேங்காய் மூடியை ஒன்று தூக்கிக்கொண்டு போனது. அம்மா திட்டிய திட்டு அதற்குப் புரிந்திருந்தால் காட்டுக்கே திரும்பியிருக்கும்.

நீ இங்கே வந்து பிழைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நீ திரும்பி வருவதில் அம்மாவுக்கு இருக்கிற ஆசை எனக்கும் இருக்கிறது. கடைவீதிக்கு அருகில் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறது. ஓடு மாற்ற வேண்டும், சுவர் ஓதம் அடிக்கிறது, ஆனால் அதற்காக ஒரு மரமும் வெட்ட வேண்டியதில்லை. ஊருக்குள் தங்கி காலையில் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்களே போதும். லாபம் குறையும், தெரியும். உன் நண்பர்களிடம் என் பெயரைச் சொல்லியே மறுத்துவிடு. கிழவன் பிடிவாதம் பிடிக்கிறான் என்று சொல், எனக்கு வருத்தமில்லை. அவர்கள் வேறு யாரையாவது சேர்த்துக்கொண்டு அந்த இடத்தை வாங்கிவிடுவார்களோ என்ற கவலையும் இருக்கிறது. வனத்துறை அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். உன் பதிலைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று இருந்தேன். இப்போது அதுவும் வேண்டாம், திங்கட்கிழமையே கொடுத்துவிடுகிறேன்.

பேத்திக்குப் பள்ளி விடுமுறை ஏப்ரலில்தானே? அழைத்து வா. அதற்குள் பெண் பறவை வெளியே வந்திருக்கலாம்; வந்தால் குஞ்சு உள்ளேயிருந்து வாசலைத் திரும்ப அடைத்துக்கொள்ளும், பார்க்க வேடிக்கையாக இருக்கும். குழந்தைக்குச் சிவப்புச் சட்டை வேண்டாம், பச்சையோ காக்கியோ போட்டுவிடு. நம்மைக் கண்டால் ஆண் பறவை கூட்டுக்கு வராமல் பழத்தோடு திரும்பிவிடும், உள்ளே இருப்பவர்கள் பட்டினி.

இப்படிக்கு,
அப்பா