மீசை மேல் காய்ந்த ரெக்கார்டு நோட்டு

ஊர்க்காரர்களுக்கும், சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களுக்கும், எம்எல்ஏ அண்ணாச்சிக்கும் வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் திங்கட்கிழமை வந்தது. பத்தாம் வகுப்பு இன்று காலை வந்தது. என் மகள் பாஸ், எதிர்வீட்டுப் பையனும் பாஸ். அழுது, மூக்கைச் சிந்தி, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஆறப்போட்டால் இதை எழுத மாட்டேன், எனக்கே தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் போட்டார்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று நம் வீட்டுச் சுவர்கள் இன்னும் கோடு போட்டு வைத்திருக்கின்றன. அது போதும்.

படகைக் கொண்டுவந்த மீனவ அண்ணன்மார், எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து நம் தெருச் சகதியை வாரிய துப்புரவுப் பணியாளர்கள், வகுப்பறையைக் கழுவிவிட்ட கல்லூரிப் பிள்ளைகள், வாங்கிய நோட்டுக்கெல்லாம் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இன்றுவரை கணக்கே சொல்லாத ஸ்டேஷனரிக் கடைக்காரர், தன் வீடு இடிந்ததைச் சொல்லாமல் மூன்றாம் நாளே பள்ளிக்கூடத்தில் வந்து நின்ற தலைமையாசிரியர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் யாராவது விட்டுப்போவார்கள். விட்டுப்போனவர் என்னிடம் மூன்று மாதம் பேச மாட்டார்.

அண்ணாச்சி விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அவருக்கு ஓட்டுப் போட்டவள் இல்லை. என் வீட்டுக்காரர் எந்தக் கொடி பிடிப்பவர் என்று அவருக்கும் தெரியும். ஒரு ஆண்டு விழாவுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, வரவேற்பு நடனத்துக்கு வேஷம் கட்டிய பிள்ளைகளை வெயிலில் நிற்கவிட்டவரும் இவர்தான். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் அன்று நான் அவரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

வெள்ளம் வடிந்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் நோட்டு காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகம் அரசாங்கம் புதிதாகக் கொடுத்துவிடும், கொடுத்தார்கள். ரெக்கார்டு நோட்டை யார் கொடுப்பது? ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியர் கையெழுத்து வாங்கியது. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. தரையெல்லாம் ஈரம் என்பதால், கூரைக்குப் போடச் சொல்லிக் கட்சிக்காரர்கள் இறக்கிவிட்டுப் போன பழைய ஃப்ளெக்ஸை விரித்திருந்தார்கள். அதில் கைகூப்பியபடி அண்ணாச்சி. நெற்றியில் இயற்பியல், மீசையில் விலங்கியல். அந்த நேரம் பார்த்து அவரே வந்து இறங்கினார்.

தலைமையாசிரியருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் நோட்டுகளை அள்ளப் பார்த்தார்.

"விடுங்க சார். திருப்பிப் போட்டுக் காயவைங்க. பின்பக்கம் கறுப்பு, சீக்கிரம் சூடேறும்."

சொல்லிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்து, மீசை மேல் கிடந்த நோட்டை எடுத்தார். பிரிக்கப் பார்த்தார். நாலு தாள் சேர்ந்தாற்போல அப்படியே கிழிந்து கையோடு வந்தது. அது என் மகளின் நோட்டு.

"திரும்ப எழுதணுமாம்மா?"

"ஆமா."

"எங்க உக்காந்து எழுதுவ?"

அவள் பதில் சொல்லவில்லை. நாத்தனார் வீட்டில், இரண்டு அறையில், பதினொரு பேர் இருந்தோம். சோறு இருக்கா, பாய் இருக்கா, பணம் வந்ததா என்று எத்தனையோ பேர் கேட்டார்கள். எங்கே உட்கார்ந்து எழுதுவாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பெற்றவள் நானும் கேட்கவில்லை.

ஜனவரி முதல் வாரம் அவருடைய ஆபீஸ் உதவியாளர் தம்பி தலைமையாசிரியரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறதே, அந்த எம்எல்ஏ ஆபீஸ் சாவிதான். பகலில் மனு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்ச். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை அது பிள்ளைகளுக்கு. நாலு டியூப் லைட், இரண்டு ஃபேன், ஒரு இன்வெர்ட்டர். ஒரே ஒரு கண்டிஷன், யாரும் போட்டோ எடுக்கக் கூடாது. (எடுத்தால் அவருக்கு நல்லதுதானே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கும் புரியவில்லை.)

பொம்பளைப் பிள்ளைகள் போகிற இடம் என்பதால் நாங்கள் தாய்மார்கள் முறைவைத்துத் துணைக்கு உட்கார்ந்தோம். அதனால் இதை நானே பார்த்தேன். ராத்திரி ஒன்பதரை இருக்கும். கல்யாணம், துஷ்டி எல்லாம் முடித்துவிட்டு நாலைந்து ஆட்களோடு அவர் வந்தார். கூட வந்தவர் ஏதோ உரக்கப் பேச, வாயில் விரலை வைத்துக் காட்டினார். செருப்பை வாசலில் கழற்றினார். தன் மேஜையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியே போனார். அப்புறம் வேப்பமரத்தடியில் நின்று கொசுவை அடித்துக்கொண்டே முக்கால் மணி நேரம் போன் பேசினார். ஆபீஸ் அவருடையது. உள்ளே ஒரு பிள்ளை மண்புழுவின் குறுக்குவெட்டுப் படத்துக்கு பென்சிலில் நிழல் போட்டுக்கொண்டிருந்தது, நிமிரக்கூட இல்லை.

பிப்ரவரியில் சட்டமன்றம் நடந்த சமயம் சென்னையிலிருந்து உதவியாளருக்கு போன் வந்ததாம். என்னமோ ஏதோவென்று பதறி எடுத்தால், "இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துனியா?"

மார்ச் 16 சாயங்காலம் நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். எம்எல்ஏ ஆபீசைப் பூட்டி சீல் வைக்க வேண்டும், அது தேர்தல் விதி. பிள்ளைகளுக்குக் கணக்கும் உயிரியலும் பாக்கி. வருவாய்த்துறைக்காரர்கள் வந்து பார்த்தால் உள்ளே இருபது பிள்ளைகள். வந்தவர்களும் மனுஷர்கள்தான், மூட்டை கட்ட அரை மணி நேரம் விட்டு வாசலில் நின்றார்கள். அவர்களுக்கும் நன்றி. அண்ணாச்சி எனக்கே போன் செய்தார், முதலும் கடைசியுமாக. "இனி நான் அந்தப் பக்கம் வந்தா பள்ளிக்கூடத்துக்குத்தான் கெட்ட பேரு. அந்த ஆறு நாளைக்கு மட்டும் நீங்க பாத்துக்கோங்கம்மா." பார்த்துக்கொண்டோம். சத்துணவுக்கூடத்து வராந்தாவில் பல்பு மாட்டினோம்.

அண்ணாச்சி, நன்றி சொன்ன கையோடு ஒன்று. எம்எல்ஏ நிதி வருஷத்துக்கு 3 கோடி, நீங்கள் பரிந்துரை செய்து கலெக்டர் அனுமதி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மேலாண்மைக் குழுவில் இருந்து நானும் படித்துக்கொண்டேன். பள்ளிச் சுற்றுச்சுவர் விழுந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆடு மாடெல்லாம் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன. தேர்தல் விதி விலகியதும் மனுவோடு வருவேன். அதே பெஞ்சில்தான் உட்காருவேன்.

எங்கள் வீட்டை இப்போது மறுபடி எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறோம். திண்ணையை இரண்டடி அகலமாகப் போடச் சொல்லிக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். கடன் மேல் கடனில் இது எதற்கு என்று வீட்டுக்காரருக்குக் கோபம். பரவாயில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே ஒரு டியூப் லைட் எரியும். எந்தப் பிள்ளையும் வரலாம், எந்தக் கட்சி வீட்டுப் பிள்ளையானாலும்.

அந்த ஃப்ளெக்ஸ் எங்கள் வைக்கோல் படப்பின் மேல்தான் கிடக்கிறது. மீசை மேல்பக்கம். வீட்டுக்காரர் இரண்டு தடவை திருப்பிப் போட்டார், நான் இரண்டு தடவையும் பழையபடி திருப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி,
பிளஸ் டூ முடித்த ஒரு பிள்ளையின் அம்மா
10 மே 2024